தாரணி தலைமேல் சத்தியம்

அக்டோபர் 29, புதன்

மழைன்னா மழை, அப்படியொரு மழை. விடிஞ்சதும் போன கரண்டு பத்து மணிக்கு மேலதான் வந்துச்சு. ஊறவச்ச அரிசியும் உளுந்தும் அப்படியே கிடந்துச்சு. மாவு வாங்க வந்த ஆளுக்கெல்லாம் "இந்தா வந்துரும், இந்தா வந்துரும்"னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. நானென்ன கரண்டு ஆபீஸா நடத்துறேன்?

மத்தியானம் இவர் லோடு ஆட்டோவை வாசல்ல நிறுத்திட்டு நேரா உள்ளே வந்து படுத்துட்டார். தலைவலியாம். இந்தச் சுடலைமணி தலைவலின்னு படுத்து நான் பார்த்ததே இல்லை. லோடு சிமெண்டை ஒத்தை ஆளா இறக்கிட்டு வந்து, "காப்பி இருக்காட்டி"ன்னு கேக்கிற மனுசன். சுக்கு இழைச்சுப் பத்துப் போட்டேன். "அழுத்தாதட்டி"ன்னு எரிஞ்சு விழுந்தார். நான் எங்க அழுத்தினேன்? தொட்டதுதான்.

அடுக்களைக்குள்ள இருந்து என் மாமியார், "கொடுத்து வச்சிருந்தா தலையைப் பிடிச்சு விட ஒரு பிள்ளை இருந்திருக்கும்"னாங்க. கல்யாணமாகி எட்டு வருசம். எந்தப் பேச்சை எடுத்தாலும் அத்தை அதைக் கொண்டுபோய் அங்கதான் முடிப்பாங்க. மழை பெய்தாலும் அதான், வெயில் அடிச்சாலும் அதான். நான் கிரைண்டரைப் போட்டுட்டேன். அந்தச் சத்தத்துல நல்லதும் கேக்காது, கெட்டதும் கேக்காது.

அக்டோபர் 31, வெள்ளி

தலைவலி விடலை. மருந்துக் கடையில வாங்கின மாத்திரையை முழுங்கின வேகத்துல வாந்தி எடுத்துட்டார்.

தீபாவளிக்கு மதினி வீட்டுக்குப் போனப்போதான் கண்ணு பட்டுச்சுன்னு அத்தை சொல்லுறாங்க. மதினி செண்பகம் இவரோட கூடப்பிறந்த அக்கா. மிளகாயும் உப்பும் சுத்திப் போட்டாங்க. வீடு பூரா நெடி. வெளிச்சம் பட்டாலே கண்ணு கூசுதுன்னு கிடக்கிற மனுசனை இருமவும் வச்சாச்சு.

எனக்கென்னமோ கண்ணு பட்டதா தெரியலை. அன்னைக்கு மதினி வீட்டுக்காரர் தவசிக்கனி அண்ணனும் இவரும் மத்தியானம் கண்மாய்ப் பக்கம் போனவங்க, பொழுது சாஞ்சுதான் வந்தாங்க. கேட்டா மீன் பார்க்கப் போனோம்னாங்க. மீனைக் காணோம். இவர் மூஞ்சி வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரி இருந்துச்சு. தண்ணி அடிச்சிருப்பாரோன்னு பக்கத்துல போய் மோந்து பார்த்தேன், அதுவும் இல்லை. மதினி மக தாரணி "மாமா மாமா"ன்னு மடியில ஏறி உட்கார்ந்தா. ஆறு வயசுக் குட்டி, இவருக்கு உசுரு. அவ தலையைத் தடவித் தடவிக் கொடுத்துக்கிட்டே உட்கார்ந்திருந்தார். மழையில நனைஞ்சதுல வந்த தலைவலியாத்தான் இருக்கும்.

நவம்பர் 2, ஞாயிறு

சட்டை போட முடியலையாம். துணி பட்டா முதுகெல்லாம் எரியுது, ஊசி ஊசியாக் குத்துதுன்னு சொல்லுறார். நானும் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், ஒரு கொப்புளம் இல்லை, தடிப்பு இல்லை.

கடைத்தெரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ஒற்றைத் தலைவலின்னு எழுதிக் கொடுத்தார். ஒற்றை என்ன ஒற்றை, தலை மொத்தமும் வலிக்குதுன்னு இவர் சொல்லுறார். டாக்டர் காதுல வாங்கலை.

அந்த பெஞ்சுல உட்கார்ந்திருக்கும்போது மூணு வருசத்துக்கு முன்னாடி பிள்ளைக்காகப் போன ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துருச்சு. அங்கேயும் இதே மாதிரி பச்சை பெஞ்சு. டெஸ்ட்டெல்லாம் எடுத்து முடிச்சிட்டு அங்க இருந்த டாக்டர் மேடம் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டாங்க. அவங்க சொன்னதை நான் இந்த டைரியில கூட எழுதினதில்லை. எழுதவும் மாட்டேன். வெளியே வந்து, "எனக்குத்தான் கொஞ்சம் கோளாறாம், மாத்திரை சாப்பிட்டா சரியாயிரும்"னு அத்தைகிட்ட சொன்னேன். இவர் அப்போ குனிஞ்சு செருப்பை மாட்டிக்கிட்டு இருந்தார். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சது, எனக்கு.

சாயங்காலம் மாவு புளிச்சுப் பொங்கி வழிஞ்சிருச்சு. கழுவிவிட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

காலையில இவர் என்னைப் பார்த்து முழிக்கார். "என்னங்க?"ன்னேன். "ரெண்டு பேச்சி தெரியுதட்டி. ஒருத்தியவே தாங்க முடியலை, இதுல ரெண்டு பேரு"ன்னார். சிரிப்பா வந்துச்சு. அப்புறம் டம்ளரை எடுக்கக் கையை நீட்டினார். கை டம்ளருக்குப் பக்கத்துல வெறும் இடத்தைப் போய்ப் பிடிச்சுச்சு. கிட்ட போய் மூஞ்சியைத் திருப்பிப் பார்த்தேன். இடது கண்ணு மூக்குப் பக்கமா ஒதுங்கி நிக்குது.

நவம்பர் 5, புதன்

வண்டிச் சாவியை எடுத்து என் முந்தானையில முடிஞ்சு வச்சிட்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

பெரியாஸ்பத்திரியில சேர்த்தாச்சு. நேத்து கழுத்தை மடக்க முடியாமக் கத்தின கத்துல தெருவே கூடிருச்சு. கார் பிடிச்சுக் கொண்டு வந்தோம். வழியெல்லாம் அத்தை "சொடலைமாடா, சொடலைமாடா"ன்னு கும்பிட்டுக்கிட்டே வந்தாங்க. மகனைக் கூப்பிட்டாங்களா, சாமியைக் கூப்பிட்டாங்களான்னு தெரியலை.

தலையைப் படம் எடுத்தாங்க. அப்புறம் முதுகுல ஊசி குத்தித் தண்டுவடத்துல இருந்து தண்ணி எடுத்தாங்க. முட்டியைக் கட்டிக்கிட்டு சின்னப் பிள்ளை மாதிரி சுருண்டு படுத்தார், நான் அந்தப் பக்கம் கையைப் பிடிச்சுக்கிட்டேன். குத்தின உடனே தண்ணி பீச்சிக்கிட்டு வருதுன்னு அங்க நின்ன டாக்டரம்மா சொன்னாங்க. தலைக்குள்ள அழுத்தம் அவ்வளவு ஏறிக் கிடக்காம். எடுத்து முடிச்சதும் இவர் ஒரு பெருமூச்சு விட்டு, "இப்பத்தான்டி கொஞ்சம் பரவாயில்ல"ன்னார். அதைக் கேட்டதும்தான் எனக்குப் பசியே தெரிஞ்சுச்சு.

டாக்டரம்மா பேரு நிலோஃபர். சின்ன வயசு. ஆனா ஒரு கேள்வி கேட்டா பதில் வர்ற வரைக்கும் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டாங்க. எனக்குப் பிடிச்சுப்போச்சு.

நவம்பர் 8, சனி

பெரிய டாக்டர் வந்து பார்த்துட்டு, இது காசத்தால வந்த மூளைக்காய்ச்சலா இருக்கும், திங்கக்கிழமையில இருந்து மாத்திரை ஆரம்பிச்சிரலாம், ஒரு வருசம் விடாமச் சாப்பிடணும்னு சொல்லிட்டுப் போனார். காசம்ங்கிற வார்த்தை காதுல விழுந்ததும், பார்க்க வந்திருந்த மதினி முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. தாரணியை வராந்தாவுலேயே நிறுத்தி அப்படியே ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. இவர் கதவையே பார்த்துக்கிட்டுக் கிடந்தார்.

மத்தியானம் நிலோஃபர் டாக்டர் தனியா வந்தாங்க. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அண்ணே, முதுகுத் தண்ணியில ஒரு வகை வெள்ளை அணு ரொம்ப அதிகமா இருக்கு. உடம்புக்குள்ள புழு, பூச்சி போனாத்தான் அது இப்படிக் கூட்டம் போட்டு வரும். எனக்கு இது காசம்னு தோணலை. நத்தை, நண்டு, உடும்பு இந்த மாதிரி ஏதாவது பச்சையா சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டாங்க.

"இல்ல"ன்னார். கேட்டு முடிக்கும் முந்தியே சொல்லிட்டார்.

"சாப்பிட்டிருந்தா சொல்லிருங்க. எதனாலன்னு தெரியாம மருந்து கொடுத்தா வியாதி நிக்காது. அழுத்தம் இப்படியே ஏறினா கண்ணு போகும். நினைவு தப்பும். அதுக்கு மேலயும் ஆகலாம்."

"இல்ல டாக்டர்"னு திரும்பச் சொன்னார். சொல்லிட்டு அத்தையைப் பார்த்தார். அத்தை ஜன்னலைப் பார்த்தாங்க. கண்ணு ரெண்டு ரெண்டாத் தெரியுறதுல எங்கேயோ பார்க்கார்னு நினைச்சுக்கிட்டேன்.

டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "அக்கா, அவர் எதையோ மறைக்கிறார். திங்கக்கிழமை காலையில ரவுண்ட்ஸ். அதுக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும். அதை வச்சு நான் பெரிய டாக்டர்கிட்ட பேசுறேன்"னாங்க.

வந்து கேட்டேன். "வாயால சொல்ல வேண்டாம், நான் ஒவ்வொண்ணாக் கேக்கேன், ஆமான்னா என் கையை அமுக்குங்க"ன்னேன். "அதுவும் சொன்ன மாதிரிதாம்ட்டி"ன்னு கையை உருவிக்கிட்டார். அப்போ என்னமோ இருக்கு. என்ன எழவோ இருக்கு.

நவம்பர் 9, ஞாயிறு

தவசி அண்ணன் வந்தார். வார்டுக்குள்ளேயே கூலிங் கிளாஸ். பெரிய ஹீரோன்னு நினைப்புன்னு மனசுக்குள்ள வைஞ்சுக்கிட்டு டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கலை. டீ வாசமே குமட்டுதுன்னார். நெத்திப் பொட்டை ரெண்டு விரலால அமுக்கிக்கிட்டே நின்னார். பையில இருந்து ஒரு மாத்திரையை எடுத்து தண்ணியில்லாம முழுங்கினார். சட்டைக் காலரைத் தோள்ல இருந்து விலக்கி விலக்கி விட்டுக்கிட்டார்.

எனக்குச் சுருக்குன்னுச்சு. ஒரு ஆளுக்கு வந்தா காய்ச்சல். ரெண்டு பேருக்கும் ஒண்ணு போல வந்தா, ரெண்டு பேரும் ஒண்ணா என்னத்தையோ தின்னுருக்காங்கன்னுதானே அர்த்தம்?

வராந்தா ஓரமா இழுத்துட்டுப் போனேன். "அண்ணே, உங்களுக்கும் சட்டை பட்டா எரியுதா?"

காலர்ல இருந்த கையை வெடுக்குன்னு எடுத்துட்டார்.

"தீபாவளி அன்னைக்குக் கண்மாய்க்குப் போய் என்னத்தத் தின்னீங்க?"

"பேச்சி, என்னைக் கேக்காத தாயி. சத்தியம் பண்ணியிருக்கோம்."

"என்ன பெரிய சத்தியம்? அங்க ஒரு மனுசன் உசுருக்குக் கிடக்கார்."

"தாரணி தலையில கையை வச்சுப் பண்ணின சத்தியம்." சொல்லிட்டுக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். கண்ணு செக்கச்செவேல்னு இருந்துச்சு. "நானும் பண்ணினேன், அவனும் பண்ணினான். யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது, உன்கிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னு. நாங்க வாயைத் திறந்து, அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா? எனக்கு இருக்கிறது அவ ஒருத்தி."

சத்தியமாவது மண்ணாவதுன்னு எழுதிடலாம். ஆனா தாரணி முகம் கண்ணு முன்னால வந்தா எனக்கே வாய் வரலை. இவர் சாவார், சொல்ல மாட்டார். அது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பெத்த பிள்ளை இல்லாத மனுசனுக்கு அவதான் பிள்ளை.

"சத்தியம் வாங்கினது யாரு?"ன்னேன்.

தவசி அண்ணன் கண்ணாடியை மறுபடி மாட்டினார். "அதைச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் பண்ணலை"ன்னார். "அத்தைகிட்ட கேளு."

அவருக்கு அத்தைன்னா எனக்கும் அத்தை.

நவம்பர் 10, திங்கள்

ஆஸ்பத்திரி பெஞ்சுல மடியில வச்சு எழுதுறேன். எழுத்து கோணலாத்தான் வரும்.

காலையில ரவுண்ட்ஸுக்கு முந்தி அத்தை குழாயடியில தூக்குச்சட்டி கழுவிக்கிட்டு இருந்தாங்க. பக்கத்துல போய் உட்கார்ந்தேன்.

"அத்தே, தவசி அண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டாக."

"சொல்லிட்டானா!" தூக்குச்சட்டி கையைவிட்டு உருண்டு ஓடுச்சு. "ஐயோ, பிள்ளை தலையில அடிச்சானே பாவி!"

"சொல்லலை. சத்தியம் நீங்க வாங்கினதை மட்டும்தான் சொன்னாக."

அத்தை எட்டிப் போய் சட்டியை எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பிச்சாங்க, கழுவினதையே கழுவுறாங்க. நான் சும்மா இருப்பேனா? நேத்து பூரா அடக்கி வச்சதெல்லாம் வந்துருச்சு. "உங்க மகனுக்குக் கண்ணு போயிரும்னு அந்த டாக்டரம்மா சொன்னது உங்க காதுலதானே விழுந்துச்சு? ஜன்னல்ல என்னத்தப் பார்த்தீங்க? அங்க என்ன தேரா ஓடுச்சு?"

"நான் என்னட்டி செய்ய? அவன் சொன்னா பேத்தி போயிருவா. சொல்லலைன்னா மகன் போயிருவான். நான் எந்தக் கண்ணைக் குத்திக்கிட?"

அப்போதான் எனக்குப் பட்டுச்சு. "சத்தியம் பண்ணினது அவுக ரெண்டு பேரும். நீங்க வாங்கினவுகதானே? நீங்க பண்ணலையே? நீங்க சொன்னா யார் தலைக்கும் ஒண்ணும் வராது."

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாங்க. தண்ணி குழாய்ல இருந்து சும்மா ஊத்திக்கிட்டே இருக்கு. இந்த மூணு நாளும் அவங்களுக்கு இது தோணவே இல்லைன்னு முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுச்சு.

"சொன்னா நீ போயிருவேட்டி"ன்னாங்க.

"நான் எங்க போகப் போறேன்?"

"என் மகனை விட்டுட்டுப் போயிருவே."

அத்தை எந்திரிச்சு, சட்டியை அங்கேயே போட்டுட்டு, ஈரக் கையோட வார்டைப் பார்க்க ஓடினாங்க. மூட்டு வலின்னு மாடிப்படி ஏற மாட்டாங்க, அந்த ஓட்டம் ஓடினாங்க. நானும் பின்னால ஓடினேன்.

நிலோஃபர் டாக்டர் கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தாங்க. அத்தை அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, "உடும்பு, டாக்டரம்மா. உடும்பு. பச்சையா. நாக்கை அறுத்து வாழைப்பழத்துக்குள்ள வச்சு முழுங்கினான், ரத்தத்தையும் குடிச்சான். மருமகனும் துணைக்குக் குடிச்சாரு. நான்தான் குடிக்கச் சொன்னேன்"னாங்க.

கட்டில்ல இவர் "அம்மா, வேண்டாம்மா"ன்னு கையை ஆட்டினார்.

"நீ சும்மா இருல. நீ சொல்லலை, நான் சொல்லுதேன்."

"எதுக்கும்மா குடிச்சாரு?"ன்னு டாக்டர் கேட்டாங்க.

வார்டே எங்களைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கு. அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. "பிள்ளைக்கு"ன்னாங்க. "குறை என் மகன்ட்டதான். இவகிட்ட ஒண்ணுமில்ல. உடும்பு ரத்தம் குடிச்சா சரியாயிரும்னு சொன்னாக. இவளுக்குத் தெரியக்கூடாதுன்னு பேத்தி தலையில சத்தியம் வாங்கினேன்."

இவர் என்னைப் பார்த்தார். அந்தக் கோணல் கண்ணுல தண்ணி. "பேச்சி..."

"எனக்குத் தெரியும்"னேன்.

"எப்போ இருந்து?"

"உங்களுக்கு முந்தியே. அந்த மேடம் என்கிட்டதானே முதல்ல சொன்னாங்க."

அப்புறம்தான் சொன்னார், அவர் மறு மாசமே தனியாப் போய் அந்த ஆஸ்பத்திரியில கேட்டுட்டு வந்திருக்கார். என்கிட்ட மறைச்சார், அம்மாகிட்ட அழுதிருக்கார். நான் அவர்கிட்ட மறைச்சேன். ஒரு வீட்டுல மூணு பேரு, மூணு பேருக்கும் தெரியும். யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு மூணு வருசம் குடித்தனம் நடத்தியிருக்கோம்.

டாக்டர் யாரையும் வையலை. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி நிதானமாச் சொன்னாங்க. எலி நுரையீரல்ல இருக்கிற ஒரு புழு, எலிப் புழுக்கை வழியா நத்தைக்குள்ள போகுமாம். நத்தையை உடும்பு தின்னும். உடும்பை வேகவைக்காமத் தின்னா அந்தக் குஞ்சுப் புழு நம்ம உடம்புக்குள்ள வந்து நேரா மூளையைத் தேடிப் போகுமாம். அங்க அதால வளரவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. அது செத்துப் போகும்போது மூளையைச் சுத்தி வீங்கிரும். அதுதான் இந்த வலி, இந்த எரிச்சல், இந்தக் கண்ணு. "வீக்கத்தைக் குறைக்க மருந்து இருக்கு. தண்ணியை இன்னும் ரெண்டு தடவை எடுக்க வேண்டி வரும். இப்பவாவது சொன்னீங்களே"ன்னாங்க.

தவசி அண்ணனுக்குப் போன் பண்ணி உடனே வரச் சொன்னாங்க. அவர் போன்லேயே, "உடும்பு பிடிச்சா ஜெயிலாமே டாக்டர்"னு அழுதாராம். "நான் டாக்டர், பாரஸ்ட் ஆபீசர் இல்லை. முதல்ல வந்து படுங்க"ன்னாங்களாம். சாயங்காலம் பக்கத்துக் கட்டில்ல வந்து படுத்துட்டார்.

நவம்பர் 11, செவ்வாய்

மதினிக்குப் போன் போட்டு, தாரணியைப் பேசச் சொல்லிக் கேட்டேன். நல்லாத்தான் இருக்கா. பல்லு ஆடுதாம். மூணு தடவை போன் பண்ணினேன், மூணாவது தடவை அவளே "அத்தே, நான் விளையாடப் போகணும்"னு வச்சிட்டா.

அத்தைகூட நான் பேசலை.

நவம்பர் 14, வெள்ளி

மருந்து பிடிச்சுக்கிட்டுச்சு. தலைவலி பாதிக்கு மேல போயிருச்சு. இன்னைக்கு இட்லி கேட்டார். ஆஸ்பத்திரிக் கேன்டீன் இட்லியைத் தின்னுட்டு, "இதெல்லாம் ஒரு மாவா?"ன்னார். சரி, ஆள் தேறிட்டார்.

தேறினவரை விட்டு வைப்பேனா? அத்தை கீழே போயிருந்தப்போ கேட்டேன். "மூணு வருசமா உங்களுக்குத் தெரியும். அத்தை என்னை மலடி, மலடின்னு சொல்லும்போதெல்லாம் நீங்க தட்டைப் பார்த்துக் குனிஞ்சு சோறு தின்னுக்கிட்டு இருந்தீங்க. எப்படிங்க உள்ளே இறங்குச்சு?"

"சொன்னா நீ போயிருவேன்னு பயம் பேச்சி."

"நான் போகலை. எனக்குத் தெரிஞ்சும் போகலை. அவங்க பேச்சையும் கேட்டுக்கிட்டு, உங்களுக்கு மனசு நோகக்கூடாதுன்னு பழியையும் நானே வச்சுக்கிட்டு இருந்தேன். நான் செத்துச் செத்துப் பிழைச்சேன், தெரியுமா?"

அவர் போர்வையை இழுத்து மூஞ்சியை மூடிக்கிட்டார். உள்ளே குலுங்குறது தெரிஞ்சுச்சு. பாவமாத்தான் இருந்துச்சு. ஆனாலும் நான் போய்த் தடவிக் கொடுக்கலை. கொஞ்சம் அழட்டும்னு விட்டுட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆச்சு. கண்ணு மட்டும் இன்னும் நேராகலை. ஒரு கண்ணை மூடி பேண்டேஜ் ஒட்டியிருக்கு, அப்பத்தான் ரெண்டாத் தெரியாது. போகப் போக சரியாயிரும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் வண்டி ஓட்டக்கூடாது. கடையில உட்கார்ந்து மாவு ஊத்துறார், பாதி வெளியே சிந்துது. தவசி அண்ணன் இவரைவிட சீக்கிரம் எந்திரிச்சிட்டார். அவர் ஒரு வாய்தான் குடிச்சாராம்.

பூட்டியே கிடந்த கடை. கிரைண்டர் கல்லைக் கழட்டி வெந்நீர் ஊத்திக் கழுவுறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. அத்தை வந்து எதிர்ல உட்கார்ந்து உளுந்தைச் சொளகுல கொட்டிப் புடைச்சுக் கல் பொறுக்கினாங்க. கீழே பார்த்துக்கிட்டே, "அவனை யாரும் ஒரு சொல்லு சொல்லிரக்கூடாதுன்னுதான் உன்னைச் சொன்னேன். நான் உன்னையச் சொன்னா ஊரும் உன்னையத்தானே பார்க்கும்"னாங்க.

வந்த ஆத்திரத்துல உளுந்துச் சொளகைத் தட்டிவிட்டிருப்பேன். "நானும் ஒருத்தி பெத்த பிள்ளைதான் அத்தே"ன்னு மட்டும் சொன்னேன்.

"ஆமா"ன்னாங்க. அவ்வளவுதான். மன்னிச்சிருன்னெல்லாம் அந்த வாயில வராது. நானும் எதிர்பார்க்கலை. ராத்திரி எனக்கும் சேர்த்துத் தட்டு எடுத்து வச்சாங்க, சாப்பிட்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

ஞாயித்துக்கிழமைன்னா கடையில நிக்க நேரம் இருக்காது. அந்தக் கூட்டத்துல கிழக்குத் தெரு அன்னபாக்கியம் வந்தாங்க. மகளுக்கு வளைகாப்பு முடிஞ்ச சந்தோசம், கையில கண்ணாடி வளையலோட வந்து எல்லாருக்கும் கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. என்கிட்ட வந்ததும் வளையலைக் கொடுக்கலாமா வேண்டாமான்னு ஒரு யோசனை. அப்புறம் எனக்கு முன்னாலேயே அத்தைகிட்ட, "பெரியாஸ்பத்திரி வரைக்கும் போனீங்களே, அப்படியே மருமவளையும் ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்திருக்கலாம்லா?"ன்னு கேட்டாங்க.

மாவு வாங்க நின்ன பொம்பளைங்க எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. எனக்கு இது புதுசா? கரண்டியை மாவுக்குள்ள விட்டு எடுத்து ஊத்திக்கிட்டே இருந்தேன்.

இவர் முக்காலியில இருந்து எந்திரிச்சார். ஒத்தைக் கண்ணுல பேண்டேஜ், ஆளு இளைச்சுப் போய், கையெல்லாம் மாவு. "அவளைக் காட்டி என்ன செய்ய பெரியம்மா? குறை எனக்குத்தான். டாக்டர் என்னையத்தான் சொன்னாக"ன்னார். மெதுவாச் சொல்லலை. லோடு இறக்க ஆளைக் கூப்பிடுற சத்தத்துல சொன்னார். தெருக்கோடி டீக்கடையில நின்னவங்ககூட திரும்பிப் பார்த்தாங்க.

அன்னபாக்கியம் "அப்படியாப்பா, அப்படியாப்பா"ன்னுக்கிட்டே தூக்குவாளியைக் கூட எடுக்காம விறுவிறுன்னு நடந்துட்டாங்க. இவர் நின்ன இடத்துலேயே நிக்கார். காது மடலெல்லாம் சிவந்துபோச்சு. ஆனா உட்காரலை. தலையைக் குனியவும் இல்லை.

அத்தை தூக்குவாளியை என்கிட்ட நீட்டி, "ஊத்துட்டி"ன்னாங்க. ஊத்தினேன். அதைத் தூக்கிக்கிட்டுத் தெருவுல இறங்கி, மூட்டு வலிக்கிற காலை இழுத்து இழுத்து அன்னபாக்கியம் பின்னாலேயே போனாங்க. பாதித் தெரு போனதும் நின்னு குரல் கொடுத்தாங்க, எங்களுக்கும் கேட்டுச்சு.

"ஏ அன்னபாக்கியம்! ஊருக்குள்ள போய்ச் சொல்லத்தானே போறே? சொல்லு. ஆனா சரியாச் சொல்லு. என் மருமவட்ட இல்ல, என் மகன்ட்டன்னு சொல்லு!"

நான் கிரைண்டர் பக்கம் திரும்பிக்கிட்டேன். கண்ணுல மாவு பட்டிருச்சுன்னு சொல்லி, முந்தானையால நல்லாத் துடைச்சிட்டு, அடுத்த ஆளு பாத்திரத்தை வாங்கினேன்.